என் முன்னிலையில்

அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கையில் விவாகரத்து மனுவோடு சேர்க்க வேண்டிய பிரமாணப் பத்திரம்.

வக்கீலின் குமாஸ்தா, தானே சீல் வாங்கி வருவதாக எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. கோர்ட் வாசலில் வரிசையாக இருந்த நோட்டரி மேஜைகளைத் தாண்டி, கடைசி மேஜைக்கு வந்து நின்றுகொண்டாள்.

இந்த நோட்டரி படு வேகம். இடது கை கடைசிப் பக்கத்தைப் புரட்டும், வலது கை சீலைக் குத்தும், தலை மட்டும் நிமிரவே நிமிராது.

'என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது' என்பது சீலின் வாசகம். சட்டப்படி அதற்கு அர்த்தம், ஆள் எதிரே நின்று, நோட்டரி கண்ணால் பார்க்க, கையெழுத்துப் போட்டார் என்பது. இந்த மேஜையில் அதற்கு அர்த்தம், ஆள் உயிரோடு இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்பது.

போன மாதம், செத்து ஒரு வருஷமான மனிதர் ஒருவர் இவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாகக் கோர்ட் முழுக்கப் பேச்சு.

அவள் ஒன்றே ஒன்று முடிவு செய்திருந்தாள். இவர் ஒரு தடவை நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பத்திரத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது.

அவள் முறை வந்தது. பயமாக இருந்தது.

தாள்களை வேண்டுமென்றே தலைகீழாக நீட்டினாள். அவர் திருப்பி வைத்துக்கொண்டார்.

இருமினாள். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். பார்க்கவில்லை.

"படிச்சுப் பார்த்துதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்று மேஜையைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு எழுத்து விடாம படிச்சேன்" என்று பக்கத்து மேஜைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நல்லது" என்று சீலைக் குத்தினார். அடுத்தவருக்குக் கை நீட்டினார்.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

ஆபீஸில் குமாஸ்தா சீலில் இருந்த பெயரைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அத்தனை நோட்டரி இருக்கறப்ப உங்க வீட்டுக்காரர்கிட்டயேவா போய் நின்னீங்க? இது செல்லாதும்மா!"

"செல்லாட்டி வேற ஒண்ணு எழுதிக்கலாம். இதைப் பத்திரமா வைங்க. விவாகரத்துக்குக் காரணம் என்னன்னு ஜட்ஜ் கேட்டா காட்டணும்."