யாரும் தொடாத கணினி

வீட்டார் ஒரு சீமந்தத்துக்குக் கிளம்பிப் போனார்கள். கணினியை அணைக்க மறந்துவிட்டார்கள். யாரும் தொடாத அந்தக் கணினிக்குள் பிராசஸர் கொதிக்க, விசிறி மூச்சு வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று விசிறிக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

"ஆளில்லாத வீட்டுல உனக்கு என்னப்பா இவ்வளவு வேலை?" என்று பிராசஸரைக் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? அந்த ரெண்டு பேரும் ஏவுறாங்க, நான் செய்யறேன்."

அந்த இரண்டு மென்பொருள்களில் ஒருவன் வைரஸ் வராமல் பார்க்கும் காவல்காரன். இன்னொருவன் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் தேடல்காரன். இருவர் கையிலும் வீட்டார் எப்போதோ சேமித்துவைத்த ஒரே காதுகுத்துப் படம்.

"இவன் தொட்டதைச் சோதிக்காம விட்டா நான் என்ன காவல்?" என்றான் காவல்காரன்.

"சோதிக்கிறேன்னு எதை மாத்தினானோ. மறுபடி குறிக்க வேண்டாமா?" என்றான் தேடல்காரன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றது விசிறி.

"முதல்ல அவன் இருக்கட்டும்" என்று இருவரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

விசிறி சுற்றுவதை நிறுத்திவிட்டது. சூடு தாங்காமல் கணினி தானே அணைந்துபோனது.

மாலையில் வீட்டார் வந்து கணினியைப் போட்டதும், காவல்காரனும் தேடல்காரனும் முதல்முறையாக ஒற்றுமையாகப் பேசிக்கொண்டார்கள்.

"அந்த விசிறி திடீர்னு நின்னதைப் பார்த்தியா?"

"பார்த்தேன். இனி அது மேலயும் ஒரு கண் வைக்கணும். நீயும் வை, நானும் வைக்கிறேன்."

பிராசஸர் முன்பைவிடச் சூடாகத் தொடங்கியது. விசிறி பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியது.