எட்டு ஹெட்போன்

“இந்தாளு மூளையத்தான் ஃப்ரிட்ஜ்ல வெச்சுப் பூட்டியிருக்கான் போல” என்று பக்கத்து நாற்காலி மங்களம் அக்காவிடம் சொன்னேன். மியூட் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் சொன்னேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்த என் ஹெட்போனில் அந்தப் பட்டன் எப்போதோ செத்துவிட்ட விஷயம் எனக்குத் தெரியாது.

“அதுவும் கெட்டுத்தான் போயிருக்கும் தம்பி. கூலிங்கே இல்லன்னுதான அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கேன்” என்றார் லைனில் இருந்த கோவில்பட்டிக்காரர்.

தமிழ்நாட்டில் எங்கள் கம்பெனி ஃப்ரிட்ஜ் எது மக்கர் செய்தாலும் போன் பெங்களூருக்கு வரும். அல்சூரில் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எட்டுப் பேர்தான் திட்டு வாங்கிக்கொண்டு வழி சொல்ல வேண்டும். வழி சொல்கிற லட்சணம் இது.

மேனேஜர் ரகுராம் கண்ணாடி அறைக்குள்ளிருந்து விரலை ஆட்டிக் கூப்பிட்டார். வேலை போனால் தருமபுரியில் மாமனாரின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும். உரத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

“சார், என் வேலை இருக்கா, போச்சா?”

“அத அப்புறம் பேசலாம் கவி. உங்க எட்டுப் பேருக்கும் புது ஹெட்போன் வாங்கணும். நாள் பூரா போட்டாலும் காது நோகக் கூடாது, சவுண்டும் நல்லா இருக்கணும். ஆளுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல போகாதீங்க. நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க.”

டிஷ்யூ பேப்பரையே பாதியாகக் கிழித்துக் கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. தூக்கில் போடக் கூப்பிட்டவர் மாலை போட்டு அனுப்பியது போல இருந்தது.

மங்களம் அக்காவையும் எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களில் காது படாத பாடு படுவது அவருக்குத்தான். சாயங்காலம் ஆனால் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காது மடலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைக்காரர் யூஜின் ஒவ்வொன்றாக அக்காவின் தலையில் மாட்டிப் பார்த்தார். “இது காது மேலயே உக்காரும்மா, தோட்ட அமுக்கும். இத பாருங்க, காத சுத்தி உக்காருது. லெதர் வேணாம், வேர்த்துக் கொட்டும், துணி குஷனே எடுங்க. ப்ளூடூத்தெல்லாம் எதுக்கு? வயர் வெச்சது எடுத்தா அந்தக் காசு சவுண்டுக்குப் போவும்.”

நாலாவது ஹெட்போனில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “கவி, தலையில ஒண்ணு இருக்குன்னே தெரியலடா.”

ரகுராமுக்குப் போன் போட்டேன். “கேக்கறது முன்னப்பின்ன இருந்தாக்கூட பரவால்ல” என்றார். “மைக்ல நீங்க பேசறது சுத்தமா விழணும். மூச்சு விடறதுகூடத் தெளிவா வரணும்.”

“அதெல்லாம் பாத்துட்டேன் சார். கொஞ்சம் சேத்துக் குடுத்தா ரெண்டு வருஷ வாரன்டி தராராம்.”

“வேண்டாம். ஆயுத பூஜை வரைக்கும் ஓடினா போதும்.”

அந்தக் கஞ்சத்தனத்தை அக்காவிடம் சொல்லி, கடையிலேயே நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

“பாத்தீங்களாக்கா? நான் வாய விட்டதுல எட்டு ஜோடி காதுக்கு விடிவு காலம்.”

“உன் வாய்க்கு ஒரு கோயிலே கட்டலாம்டா. ஆனா எந்நேரமும் நடை சாத்தியே இருக்கணும்.”

புது ஹெட்போன் வந்த பிறகு ரகுராமும் ஆளே மாறிவிட்டார். “அவசரப்பட்டு லைன கட் பண்ணாதீங்க. முழுசு முழுசாப் பேசுங்க. கஸ்டமர் திட்டினா எப்பவும் எப்படிச் சமாளிப்பீங்களோ அப்படியே சமாளிங்க” என்று நாற்காலி நாற்காலியாக வந்து சொன்னார். அக்கா எண்ணெய்ப் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். காது வலி போனதும் அவர் குரலில் ஏறிய குளிர்ச்சிக்கு, கெட்டுப்போன ஃப்ரிட்ஜே தானாக ஓடியிருக்க வேண்டும்.

என் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் ரகுராம் “பாக்கலாம், பாக்கலாம்” என்று நழுவினார்.

ஆயுத பூஜை வந்தது. எட்டு ஹெட்போன்களையும் மேஜையில் வரிசையாக வைத்து அக்கா பொட்டு வைத்தார். துணியில் கறை பட்டுவிடக் கூடாது என்று, மேல் பட்டையில் மட்டும் பார்த்துப் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எட்டுப் பேரும் கையில் பொரி கடலையோடு சுற்றி நின்றோம்.

தற்செயலாக, சுவரில் அழைப்புக் கணக்கைக் காட்டும் திரையைப் பார்த்தேன். போன்கள் வந்துகொண்டே இருந்தன. காத்திருப்போர் யாரும் இல்லை. அத்தனை போனையும் யாரோ எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் ஹெட்போனை எடுத்துக் கணினியில் செருகி, ஓடிக்கொண்டிருந்த ஒரு அழைப்பைத் திறந்தேன்.

“வணக்கங்க, மங்களம் பேசறேன். பதட்டப்படாதீங்க. முதல்ல ப்ளக்க எடுத்துட்டுத் திரும்பச் செருகுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்.” அதே குளிர்ச்சி. கடைசியில் அக்கா விடுகிற அதே சின்ன மூச்சு.

மங்களம் அக்கா என் எதிரே வாய் நிறையப் பொரியோடு நின்றுகொண்டிருந்தார். “ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கற? இந்தா, சுண்டலும் போட்டுக்கோ.”

ரகுராம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மெஷினா சார்?” என்று கேட்டேன்.

“ம். உங்க ரெக்கார்டிங் எல்லாம் கேட்டுத்தான் கத்துக்கிச்சு. க்வாலிட்டி பிரமாதம்னு மேலிடத்துல ஒரே பாராட்டு. நல்லதாப் பாத்து எடுத்தீங்க கவி.”

அக்கா இன்னொரு கிண்ணத்தில் சுண்டல் போட்டு, முதலில் சாருக்கு என்று ரகுராமிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

“சார், இன்னைக்காவது நேராச் சொல்லிடுங்க. எங்க வேலை இருக்கா, போச்சா?”

ரகுராம் சுண்டலில் கிடந்த மிளகாயைத் தேடி எடுத்து ஓரமாக வைத்தார்.

“வேலை இருக்கு கவி. ஆள்தான் வேண்டாம்.”