குழியெல்லாம் நீலம்

நீலம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

நீலமேதான். குழியெல்லாம் நீலம்.

உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல்லுக்கு அந்த ரோஷம் கிடையாது. பிளேட்டில் மருந்து போட்ட குழியில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் நீலமாகக் கிடந்தது.

அத்தனையும் ரத்தப் புற்றுநோய் செல்கள். வார்டிலிருந்து வந்த எழுபத்திரண்டாம் எண் மாதிரி.

எழுபத்திரண்டுக்கு வார்டில் இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் தில்லைநாயகம் போனில் சொன்னார்.

“என்கிட்ட இனி ஒண்ணுமில்லம்மா. உன்கிட்ட ஏதாவது இருந்தா சீக்கிரம் சொல்லு.”

அவளிடம் இருந்தது ஓர் ஊகம்தான். எழுபத்திரண்டின் செல்களில் இரண்டு மரபணுக்கள் அறுந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே பிறந்த புரதம் ‘பெருகு, பெருகு’ என்று செல்லை விரட்டியது. அதன் வாயை அடைக்க, வேறொரு நோய்க்கு ஊரே விழுங்குகிற பழைய மாத்திரை ஒன்று போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள். பக்கத்து மேசை ஹபீப், “கல்லுல நார் உரிக்கிற” என்றான்.

இப்போது வந்து பார்க்கட்டும்.

இல்லை, பொறு. முதலில் மருந்து போடாத குழி.

அதுவும் நீலமாக இருந்தால் செல் வளர்க்கும் இன்குபேட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். போன மார்ச்சில் அப்படித்தான் ஆனது. தலைகால் புரியாமல் ஆடிவிட்டு, பிறகு பாத்ரூமில் போய் அழுதாள்.

பிளேட்டை நகர்த்தினாள்.

வெள்ளை.

உருண்டையாக, கொழுத்துப்போய், சாயத்தைச் சட்டையே செய்யாமல் இருந்தன.

அப்படியென்றால் கொன்றது மருந்துதான்!

“ஹபீப்!”

அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. ஹபீப் கையுறையோடு ஓடிவந்தான். குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

“அடி சக்கை!” என்றான். உடனே முகம் மாறியது. “என்னோடது பாத்தியா?”

பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

இரண்டாவது பிளேட்டில் இருந்தது ஹபீபின் ரத்தம். நோயில்லாத ரத்தம் வேண்டும் என்று அவள் கேட்டதும், ஒரு மட்டன் பிரியாணிக்கு ஒப்புக்கொண்டு கையை நீட்டியவன். அதே மருந்து, அதே அளவு. அதுவும் செத்திருந்தால் அவள் கண்டுபிடித்தது மருந்தில்லை, விஷம். விஷத்தை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

பிளேட்டை வைத்தாள்.

இத்தனை நேரம் ‘செத்துத் தொலை’ என்று வேண்டிக்கொண்டிருந்தவள் இப்போது ‘செத்துடாத, செத்துடாத’ என்று முணுமுணுத்தாள்.

“என் காதுல விழற மாதிரி சொல்லாத” என்றான் ஹபீப்.

வெள்ளை.

அங்கொன்று இங்கொன்று நீலம். அது எப்போதும் இருப்பதுதான். மற்றதெல்லாம் வெள்ளை.

“நான் பொழச்சேன்!” என்று ஹபீப் கத்தினான்.

அவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் குதித்தாள். முப்பத்தெட்டு வயதில், லேப் கோட்டோடு, இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

போனை எடுத்தாள்.

“சார், கேன்சர் செல்லு எல்லாம் செத்துடுச்சு சார். ஒண்ணு மிச்சமில்ல. நல்ல செல்லு அப்படியே இருக்கு.”

மறுமுனையில் டாக்டர் தில்லைநாயகம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

பிறகு, “குடுக்கலாமா?”

“சார்?”

“அந்த மாத்திரைய. ஆஸ்பத்திரி கமிட்டி அனுமதி வாங்கி வெச்சிருக்கேன். சாயங்காலமே ஆரம்பிச்சிடலாம். நீ சொல்லணும்.”

அவள் வாயைத் திறந்தாள். வந்தது பழக்கதோஷம்.

எத்தனையோ வருஷமாக, எழுதிய கட்டுரையை எல்லாம் அவள் ஒரே வாக்கியத்தில்தான் முடித்திருக்கிறாள். மேலும் ஆய்வுகள் தேவை. நல்ல வாக்கியம். அதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

“இன்னும் ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டு... அப்புறம் எலியில...”

“அதெல்லாம் பேப்பர்ல எழுதிக்கம்மா” என்றார். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “அவ்வளவு நாள் என்கிட்ட இல்ல. பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பழகின மருந்துதான். ஆனா இதுக்கு எவ்வளவுன்னு நீதான் சொல்லணும். எடை பதினெட்டு கிலோ.”

அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

வார்டிலிருந்து வரும் ரத்தக் குழாயில் எண் மட்டும்தான் ஒட்டி வரும். எழுபத்திரண்டுக்கு ஓர் உடம்பு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அது இவ்வளவுதான் என்று தெரியாது.

மாதம் பிறந்தால் கடைக்காரர் வீட்டில் இறக்கிவிட்டுப் போகும் அரிசி மூட்டையே இருபத்தாறு கிலோ.

ஹபீப் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது.

“லைன்ல இருக்கியாம்மா?”

“இருக்கேன் சார்” என்றாள். “எழுதிக்குங்க.”