விட்டபிறகு நிறைந்த வெள்ள வரைபடம்

“மேப்பை எழுதிட்டேன்னு புரோகிராம் சொல்லுதுக்கா, திறந்தா வெறும் கறுப்புதான்.” பக்கத்து மேசை அக்காவிடம் புலம்பிக்கொண்டே வெள்ள வரைபடத்தை மூன்றாவது முறையாகப் பென்டிரைவில் ஏற்றுகிறேன். வாசலில் மீட்புப் படகுக்காரர் மஞ்சள் மழைக்கோட்டில் நீர் சொட்ட நிற்கிறார். எந்தத் தெரு மூழ்கியது என்று தெரியாமல் அவர் கிளம்ப முடியாது. “உங்க மேப் வர்றதுக்குள்ள தண்ணியே வடிஞ்சிடும்மா,” என்கிறார். கடுப்பில், ஓடிக்கொண்டிருந்த பைத்தான் புரோகிராமையே மூடுகிறேன். மறுநொடி, அசையாமல் நின்ற கோப்பின் அளவு மளமளவென்று ஏறுகிறது. திறந்தால் கறுப்புக்கு நடுவே தெருக்கள் நீலமாகத் தெரிகின்றன. அக்கா எட்டிப் பார்க்கிறாள். “கோப்பைப் பிடிச்சிருந்த வேரியபிள், அதான் புரோகிராம்ல நீ அதுக்கு வச்ச பேரு, போனப்புறம்தான்டி முழுசா எழுதுது.” மறுபடி ஏற்றிய பென்டிரைவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு படகுக்காரர் இறங்குகிறார். வெளியே மோட்டார் உறுமுகிறது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. நேற்று இதே புரோகிராம் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது தனியாகப் பெயரிட்ட ஒரு துண்டுக்குள், வைத்து ஓட்டினேன், வரைபடம் ஒழுங்காக வந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் அதற்குள்ளிருந்த வேரியபிளும் போய்விட்டதால்தானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?