கெட்டியான பனி

"மழை வந்துடுச்சு. கையெழுத்தைப் போடுங்க."

குடைக்கடை வாசலில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றபடி டீச்சர் சொன்னார். தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்திருந்தார். ஆனால் கையிலிருந்த விண்ணப்பத்தின் மேல் மட்டும் ஒரு சொட்டு படவில்லை. அதை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

முதலாளி மேஜை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கூரை ஒழுகியதால், கடையில் மிச்சமிருந்த ஒரே குடையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். அந்தக் குடையைச் சற்றே சாய்த்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கே மழை?" என்றார்.

மூலையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன குடையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் ஒல்லி, வேலையும் குடைக்குக் கம்பி மாட்டுவது, அதனால் அந்தப் பெயர். பெயர்தான் கம்பியே தவிர, எந்த வேலையிலிருந்தும் அவன் கம்பி நீட்டியது கிடையாது. அதெல்லாம் முதலாளியின் இலாகா.

இந்த மழைக்கு முன்னால் ஐந்து வருஷமாக ஊரில் சொட்டு மழை இல்லை. ஒரு குடைக்கடைக்காரர் "மழை வரட்டும், பார்க்கலாம்" என்று சொன்னால் யார் என்ன பேச முடியும்? சாய்மானம் வைத்த நாற்காலி வேண்டும் என்று கம்பி கேட்டான், மழை வரட்டும் என்றார். கூரையில் ஓட்டை என்று சொன்னான், அதற்கும் மழை வரட்டும் என்றார்!

டீச்சர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, "நம்ம விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்பார். அவருக்கும் அதே பதில்தான். கம்பி இந்தக் கடையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பின்னறையில் ஒண்டிக்கட்டையாகக் கிடக்கும் மனுஷன், தேடி வரும் ஒரு பெண், 'நம்ம விஷயம்'. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பா வேண்டும்? டீச்சர் முகம் வாடிப் படியிறங்கும்போதெல்லாம் அவனுக்கு மனசே கேட்காது.

இந்தக் குளிர்காலத்தில் பிடித்துக்கொண்ட மழை இருபத்திரண்டு நாளாக விடவில்லை. முதலாளி கையிலிருப்பதைத் தவிர, கடையிலிருந்த குடையெல்லாம், எலி கடித்தது உட்பட, விற்றுத் தீர்ந்துவிட்டது.

"எங்கே மழையா? அதோ தபால்காரர் படகுல போறாரே, கண்ணு தெரியலையா மொதலாளி?"

"அவருக்குப் படகு ஓட்டணும்னு ஆசை, ஓட்டுறாரு. மழைன்னா மழைக்காலத்துல பெய்யணும்டா. குளிர்காலத்துல விழுறது பனி. இந்த வருஷம் கொஞ்சம் கெட்டியா விழுது, அவ்வளவுதான்."

டீச்சர் வாக்குவாதம் செய்யவில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்து, பின்னறை இருட்டில் தடவாமல் கொள்ளாமல் விளக்கைப் போட்டார். மேல் தட்டிலிருந்து துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். திரும்பி வரும்போது கதவுக்குப் பின்னாலிருந்த வாளியைத் தூக்கிவந்து, ஒழுகும் இடத்துக்கு நேராக முதலாளியின் மடியில் வைத்தார்.

என்ன பொறுப்பு! கம்பிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஆபீஸை நாலு மணிக்கு மூடிடுவாங்க. வெள்ளம்னு நாளையிலேருந்து ஒரு மாசம் லீவு விட்டிருக்காங்க" என்றார் டீச்சர். "இன்னைக்கு விட்டா மறுபடியும் முதல்லேருந்து அலையணும். எனக்குத் தெம்பு இல்லீங்க."

மணி மூன்றே கால். கம்பி கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

"மொதலாளி, இத்தனை நாள் நான் வாயைத் திறக்கலை. பாவம், வருஷக்கணக்கா நடையா நடக்குறாங்க. உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் மாறிப் போயிடுமேடா" என்றார் முதலாளி. "இப்படியே இருந்துட்டா என்ன கெட்டுப் போச்சு?"

"மாறட்டுமே! நான் கையெழுத்துப் போட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. நிம்மதியா இல்லையா?"

"அந்த நிம்மதியைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் டீச்சர்.

"கேட்டுக்கிட்டீங்களா? எனக்கு நாற்காலியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இவங்களுக்குக் குடுத்த வாக்கை மட்டும் காப்பாத்துங்க. இல்லேன்னா இந்த நிமிஷமே நான் வேலையை விட்டு நின்னுடுறேன்!"

முதலாளி ஆடிப்போய்விட்டார். கை தளர்ந்து குடை ஒருபக்கமாகச் சாய, கொழுத்த சொட்டு ஒன்று அவருடைய வழுக்கையில் 'சொத்' என்று விழுந்தது. தடவிப் பார்த்தார். விரலை முகர்ந்தும் பார்த்தார்.

"மழைதான் போலிருக்கு" என்றார்.

அவ்வளவுதான், கம்பி பாய்ந்து குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். டீச்சர் பையிலிருந்து தாளின் அடி ஓரத்தை மட்டும் வெளியே இழுத்து நீட்டினார். முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "சாட்சிக்கு நான் இருக்கேன்" என்று கம்பியும் பேனாவைப் பிடுங்கித் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினான்.

டீச்சர் தாளை மறுபடியும் பைக்குள் தள்ளி, முடிச்சுப் போட்டுக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார். கம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூரை அதிரக் கத்தினான்.

"ரெண்டு பேரும் நூறு வருஷம் சேர்ந்து நல்லா இருக்கணும் டீச்சர்!"

தண்ணீருக்குள் காலை வைத்த டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"சேர்ந்து இருந்தவரைக்கும் போதும்ண்ணே. இது விவாகரத்துப் பத்திரம்."