ஓய்வுநாள் பள்ளி டீச்சர்

"எம் பிள்ளை பேரை அடிச்சவன் எவன்னு இப்பத் தெரியணும்! அவன் கை வெளங்குமா?"

சர்ச் வாசலில் நின்று தங்கசாமி போட்ட சத்தத்தில், சங்கரன்கோவில் பஜாருக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். மிளகாய் வத்தல் வியாபாரி. வாயாலேயே முன்னுக்கு வந்த மனுஷர்.

அவர் மகள் ஞானக்கனி, ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறாள். அவளைத்தான் பாளையங்கோட்டைக்கு மூன்று மாத டீச்சர் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. முடித்து வந்தால் பள்ளிக்கே அவள்தான் தலைவி. நாளைக் காலை பஸ். இன்று பார்த்தால், பட்டியலில் அவள் பெயர் மேல் ஒரு கோடு!

சபை ஐயர், அந்த சர்ச்சின் பாதிரியார், வெளியே வந்தார்.

"நாந்தான் அடிச்சேன், தங்கசாமி."

"உம்ம மச்சினன் மகளை அனுப்பவாக்கும்! வெள்ளை அங்கி போட்டுட்டா என்னமும் செய்யலாமோ?"

ஐயர் திரும்பி உள்ளே போகப் பார்த்தார்.

"சரி, மூணு மாசம் வேண்டாம். ஒரு மாசம் அனுப்பும். அதுவும் கட்டாதா? பதினஞ்சு நாள்!"

"வத்தல் மூடைக்கா பேரம் பேசுதீரு? வீட்டுக்குப் போம் வே."

"ஐயாவை ஏசாதீங்கப்பா." பின்னாலேயே ஓடி வந்திருந்த ஞானக்கனிக்கு மூச்சு வாங்கியது. "நாந்தான் அழுது பேரை அடிக்கச் சொன்னேன். வெளிய சொல்லிராதீங்கன்னு காலைப் பிடிச்சேன்."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"அங்கன மொத நாளே எந்திரிச்சு நின்னு வாசிக்கச் சொல்லுவாகளாம். எனக்கு வாசிக்கத் தெரியாதுப்பா."

"பொய் சொல்லுத. தெனம் பைபிளைத் திறந்து கடகடன்னு வாசிக்கதை நான் பாக்கலியா?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக வாசிக்கதைக் கேட்டு மனப்பாடம் பண்ணது. தலைகீழாப் பிடிச்சிருந்தாலும் உங்களுக்குத் தெரியவா போகுது?"

தங்கசாமியும் கைநாட்டுதான்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல, மக்கா" என்றார் ஐயர்.

"எல்லாம் கெட்டுப்போச்சுய்யா. இருபத்திரெண்டு வயசாச்சு. வார தையில கட்டிக் குடுத்துருவாக."

அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஐயரிடம்தான் சொன்னாள்.

"பொட்டப்பிள்ளைக்கு என்ன படிப்பு, வத்தலுக்குக் காம்பு கிள்ளட்டும்னு ஏழு வயசுல ஒருத்தரு என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து இழுத்துட்டு வந்தாரு. இப்பவாவது அவரையே என்னைக் கூட்டிட்டுப் போயி ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துவிடச் சொல்லுங்கய்யா!"