வேகத்தடைக்குப் பக்கத்து நாய்

பிரியாணிக் கடை வாசலில் வேகத்தடை போட்டதிலிருந்து செவலை நாய்க்கு உடம்பு பெருத்து, எழுந்து நின்றாலே மூச்சு வாங்கியது. அடுத்த தெருவிலிருந்து ராக்கெட் என்கிற ஒல்லி நாய் புத்தி சொல்ல வந்தது.

“தினம் நாலு பைக்கைத் துரத்துங்கண்ணே. உடம்பு தானா இறங்கும்.”

“இங்கே எல்லாம் ஊர்ந்துல்ல போகுது? துரத்தினா நான்தான் முன்னாடி போறேன்.”

“மனசு வேணும்ணே. இங்கேயே தங்கி ஓடிக் காட்டறேன், பாருங்க.”

ராக்கெட் பாய்ந்தது. வேகத்தடையில் பைக்கை நிறுத்தியவர் அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். கடைக்காரர் எலும்பு போட்டார்.

தீபாவளிக்குள் ராக்கெட்டுக்கும் தொப்பை போட்டுவிட்டது. அதற்குப் புத்தி சொல்ல இன்னொரு தெருவிலிருந்து ஒரு நாய் வந்து நின்றது.

செவலை நகர்ந்து இடம் விட்டது. “உட்காரு தம்பி. மனசு வேணும்னுதானே சொல்ல வந்தே? சாப்பிட்டுட்டுச் சொல்லு.”